வானவடியில் கேட்கப்படும் கேள்வி

புனேயில் பேர்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரிகள் இரண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சசூன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பி.ஜே. மருத்துவக் கல்லூரி ஒன்று. கண்டோன்மென்ட் பகுதியில், வானவடிப் பக்கம் இருக்கும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி மற்றொன்று. ஏ.எஃப்.எம்.சி. என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். பி.ஜே.யில் இடம் கிடைத்த பிள்ளையிடம் நீட் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் பார்ப்பார்கள், கட்டணம் வாங்குவார்கள், சேர்த்துக்கொள்வார்கள். ‘நீ ஏன் டாக்டராகணும்?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஏ.எஃப்.எம்.சி.யில் கேட்பார்கள்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு வைக்கிற கல்லூரி அநேகமாக இது ஒன்றுதான். நீட் எழுதும் பிள்ளைகள் இப்போது ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல். இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. இத்தனை பேரில் ஏ.எஃப்.எம்.சி. அழைக்கும் பிள்ளைகளிடம் மட்டும்தான் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கேள்வியை ஒருவர் கேட்கிறார். மற்ற லட்சம் பேரும் வெள்ளைக் கோட்டு மாட்டுகிற நாள்வரை அதற்கு வாய்திறந்து பதில் சொல்லத் தேவையே வருவதில்லை.

நான் கட்கியில் பிறந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ராஸ்தா பேட்டிலிருந்தும் கட்கியிலிருந்தும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள், நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் என்னைத் தேடி வருவார்கள். நான் பயிற்சி மையம் எதுவும் நடத்தவில்லை. எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே அந்தக் கேள்விமேல் ஒரு பற்று வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏ.எஃப்.எம்.சி. பற்றிக் கொஞ்சம். பி.சி. ராய் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1948 மே 1 அன்று தொடங்கிய நிறுவனம் இது. ஆரம்பத்தில் ராணுவ டாக்டர்களுக்கான மேற்பயிற்சிதான் நடந்தது. எம்.பி.பி.எஸ். 1962-இல் வந்தது. ராய் என்ற பெயரை நாம் மேற்கு வங்க முதல்வராகவும், ஜூலை 1 டாக்டர்கள் தினத்துக்குக் காரணமானவராகவும் அறிவோம். இளவயதில் அவரும் ஒரு மருத்துவக் கல்லூரி வாசலில் காத்துக்கிடந்தவர்தான். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் படிக்க விண்ணப்பித்தபோது ஆசியர் என்பதால் தட்டிக்கழித்தார்கள். முப்பது தடவை விண்ணப்பித்த பிறகே இடம் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். சேர்ந்த பின் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். இரண்டையும் இரண்டே கால் வருஷத்தில் முடித்துவிட்டு 1911-இல் ஊர் திரும்பினார்.

பல ஆண்டுகளாக ஏ.எஃப்.எம்.சி.யில் இந்தியப் பிள்ளைகளுக்கு 145 இடங்கள்: பையன்களுக்கு 115, பெண்களுக்கு 30. நீட் மதிப்பெண்ணை வைத்து முதல் பட்டியல் போடுவார்கள். புனே வந்ததும் ஆங்கிலமும் தர்க்கமும் சோதிக்கும் கணினித் தேர்வு ஒன்று. அரை மணி நேரத்தில் 40 கேள்விகள். உளவியல் தேர்வு ஒன்று. அதற்கப்புறம் நேர்முகம், 50 மதிப்பெண். உடற்தகுதிச் சோதனையும் உண்டு. படிப்புச் செலவு அரசாங்கத்துடையது. படித்து முடித்தவர்கள் அதிகாரிகளாக முப்படைகளில் ஒன்றில் பணிபுரிந்தாக வேண்டும். இல்லையென்றால் பெருந்தொகை கட்ட வேண்டும். அரசாங்கம் ஒரு பிள்ளைமேல் இவ்வளவு செலவழித்து, பின்னால் அவரைப் பனிமலைக்கோ போர்க்கப்பலுக்கோ அனுப்பப்போகிறது. ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு நியாயம் இருக்கிறது.

இனி, பிள்ளைகள் சொல்லும் பதில்கள்.

“சின்ன வயசுலேர்ந்தே டாக்டர் ஆகணும்னு ஆசை, டீச்சர்.” இது முதல் பதில். பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் தொடங்குவார்கள். அடுத்தது, “மக்களுக்குச் சேவை செய்யணும்.” கொரோனாவுக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது: “கோவிட் டைம்ல டாக்டர்ங்க பட்ட கஷ்டத்தைப் பார்த்தேன்.” இதில் எதுவும் பொய்யில்லை. பிள்ளைகள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் குறை. சேவை என்றால் தீயணைப்பு வீரர் செய்வதும் சேவை, குப்பை அள்ளுகிறவர் செய்வதும் சேவை. ‘அப்படியென்றால் அதற்குப் போகலாமே?’ என்று கேட்டால் பிள்ளை திகைத்துப்போகும். பதில் இல்லாததால் வரும் திகைப்பில்லை அது. தன்னிடம் இருக்கும் பதிலை இங்கே சொல்லலாமா என்று தெரியாததால் வருவது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் சின்ன வயது ஆசையில்தான் ஆரம்பித்தாள். “சரிம்மா, அந்தச் சின்ன வயசுல என்ன பார்த்தே?” என்றேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஒண்ணுமில்ல டீச்சர், எங்க ஆத்தாவோட செருப்பு” என்றாள்.

பாட்டிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஒருநாள் இருவரும் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். வழியில் பாட்டியின் வலது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கிறது. பாட்டி நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி வெறுங்காலோடு நடந்துபோய்விட்டார். ஏப்ரல் மாத வெயில், தார்ச் சாலை. “ஆத்தா, செருப்பு!” என்று இவள் ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தபோதுதான், “அட, கழண்டுருச்சா?” என்றாராம். அதற்கு எத்தனையோ நாள் கழித்து அதே காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். ஆணி ஏதோ குத்தியிருக்கிறது. குத்தியதே அவருக்குத் தெரியாது. வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பாட்டியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, “தெரியுதா? இப்போ?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாட்டி வாயே திறக்கவில்லை. அவர் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“அது எப்படி டீச்சர், ஒரு கால் இருக்கு, நடக்குது, ஆனா அது இருக்கறதே அவங்களுக்குத் தெரியல? எனக்கு அது ராத்திரியெல்லாம் மண்டையிலேயே இருந்துச்சு” என்றாள். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்காக ஏறியே இருந்தால் நரம்புகள் கெடும், முதலில் கெடுவது பாத நரம்புகள்தான், வலி என்கிற காவல் போய்விட்டால் சின்னப் புண்கூட எலும்புவரை போகும் என்பதையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அதற்குமேல் ஒன்றும் செய்தாள். தினமும் ராத்திரி பாட்டியின் இரண்டு உள்ளங்கால்களையும், விரலிடுக்கு உட்பட, டார்ச் அடித்துப் பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பாட்டி கூச்சப்பட்டு, “பேத்தி என் காலைத் தொடலாமா?” என்று இழுத்துக்கொள்வாராம். பிடித்துவைத்துப் பார்ப்பாளாம்.

“இதை ஏம்மா முதல்லயே சொல்லல?” என்றேன்.

“இது இன்டர்வியூல சொல்ற மாதிரி விஷயமா, டீச்சர்?”

இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். தன் வாழ்க்கையில் நடந்ததைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட்டு, எங்கோ படித்த பெரிய வாக்கியத்தைக் கொண்டுபோகிறார்கள். செருப்பும் டார்ச்சும்தான் அவளுடைய காரணம். அதை வேறு யாரும் சொல்ல முடியாது. கேட்பவர் எத்தனை துணைக்கேள்வி போட்டாலும் அவளால் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் அவள் அங்கே இருந்தாள்.

துணைக்கேள்விகளை நானும் போட்டேன். “புண்ணுக்குத் தினமும் கட்டுக் கட்டினது நர்ஸ்தானே? நீ ஏன் நர்ஸ் ஆகக் கூடாது?” இந்தக் கேள்விக்குப் பல பிள்ளைகள் நர்ஸ் வேலையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பேசித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அது தப்பு. அப்படிப் பேசுகிற பிள்ளையை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். இவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அந்த சிஸ்டர் இல்லேன்னா ஆத்தாவுக்கு கால் போயிருக்கும். எனக்கு அவங்க மாதிரி கை பக்குவம் வருமான்னு தெரியல. ஆனா எனக்குள்ள வந்த கேள்வி, ஏன் வலிக்கலங்கறது. அதுக்குப் பின்னால போகணும்.” எனக்கு அது போதும்.

பாட்டிக்கு மருந்து எழுதிக்கொடுத்தவர், அவள் கேள்வி கேட்டபோது, “உனக்கெதுக்கு இதெல்லாம்?” என்றாராம். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல வேளை, நைலான் நரம்போடு வந்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

‘ஏன் டாக்டராகணும்?’ என்கிற கேள்விக்குப் புனேயில் பிறந்த ஒருத்தி சொன்ன பதிலைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. அவள் எந்த மேஜைக்கு முன்னாலும் உட்காரவில்லை. ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னாள்.

ஆனந்திபாய் ஜோஷி 1865 மார்ச் 31 அன்று புனேயில் பிறந்தாள். குடும்பம் கல்யாணைச் சேர்ந்தது. பிறந்தபோது வைத்த பெயர் யமுனா. ஒன்பது வயதில் தபால்துறையில் வேலை பார்த்த கோபால்ராவ் ஜோஷிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் மனைவியை இழந்தவர், அவளைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். பெண்டாட்டி படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு வெறியே இருந்தது. படிக்கவில்லை என்று அவளை அடித்ததும் பதிவாகியிருக்கிறது. பதினாலு வயதில் ஆனந்தி ஓர் ஆண் குழந்தை பெற்றாள். சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. பத்தே நாளில் குழந்தை இறந்துபோனது.

கோபால்ராவ் அமெரிக்காவிலிருந்த வைல்டர் என்கிற பாதிரியாருக்கு, மனைவியைப் படிக்கவைக்க உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் பார்க்கலாம் என்கிற தொனியில் பதில் வந்தது. இரண்டு கடிதங்களும் ஒரு மிஷன் பத்திரிகையில் அச்சானதை, நியூ ஜெர்சியில் பல் டாக்டருக்காகக் காத்திருந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற அம்மாள் தற்செயலாகப் படித்தார். மனசு கேட்காமல் ஆனந்திக்கு எழுதினார். அப்போதைக்கு அவர்கள் பழகியதெல்லாம் கடிதத்தில்தான். ஆனந்தி அவரைச் ‘சித்தி’ முறை வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? மனைவியைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்புகிறான் என்று பேச்சு. கோபால்ராவ் அப்போது வங்காளத்தில் செராம்பூரில் வேலை பார்த்தார். 1883 பிப்ரவரி 24 அன்று செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி ஆங்கிலத்தில் பேசினாள். பதினெட்டு வயது இன்னும் நிறையவில்லை. தன்மீது வைக்கப்பட்ட கேள்விகளைத் தானே ஆறாக அடுக்கிக்கொண்டாள். ஏன் அமெரிக்கா போகிறாய்? இந்தியாவிலேயே படிக்க வழியில்லையா? ஏன் தனியாகப் போகிறாய்? திரும்பி வந்தால் சாதியைவிட்டுத் தள்ளிவைப்பார்களே? அங்கே ஏதாவது ஆபத்து வந்தால்? எந்தப் பெண்ணும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இந்தியாவில் இந்துப் பெண் டாக்டர்கள் தேவைப்படுகிறார்கள், அதற்குத் தான் முன்வருவதாகச் சொன்னாள். இங்கே வழியில்லையா என்பதற்கு அவள் நம் சென்னையைத்தான் எடுத்துப் பேசினாள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-இலேயே மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே சொல்லிக்கொடுக்கும் ஆண்களின் மனப்போக்கையும், வெளியில் நடந்தால் பெண்ணைக் கேலிசெய்யும் தெருக்களையும் எடுத்துச்சொல்லி, தான் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று விளக்கினாள். ‘ஏன் இந்தக் கல்லூரி? ஏன் பக்கத்து ஊர்க் கல்லூரி இல்லை?’ என்று இன்று ஏ.எஃப்.எம்.சி.யிலும் கேட்பார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்தவளின் பதில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சைத்தான் காட்டுவேன். கரோலின் டால் 1888-இல் எழுதிய ஆனந்தியின் வாழ்க்கை வரலாற்றில் அது முழுசாக இருக்கிறது.

அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினாள். தன் நாட்டுப் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று இருக்கிறார்கள்; அவர்களுக்கு உண்மையான வைத்தியம் செய்யத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்ளவே வந்திருப்பதாக எழுதினாள். கல்லூரி முதல்வர் ரேச்சல் பாட்லி சேர்த்துக்கொண்டார். 1886 மார்ச் 11 அன்று எம்.டி. பட்டம். ஆய்வு எதில் செய்தாள் தெரியுமா? பிரசவத்தில். பத்து நாள் வாழ்ந்த அந்தக் குழந்தையை அவள் தன் பதில்களில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இரக்கம் தேடியதில்லை. ஆனால் அவள் படித்த படிப்பே அதுவாக இருந்தது.

கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பு டாக்டராக அவளை நியமித்தார்கள். காசநோயோடு ஊர் திரும்பியவள், வேலையை ஏற்காமலே, 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் இறந்தாள். இருபத்திரண்டு வயது நிறையவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆனந்தியின் கதையில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. படிக்கவைக்கும் ஆசை முதலில் கோபால்ராவுடையது. அடித்துத் திணித்த அந்த முறையை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் செராம்பூர் மேடையில் நின்றவளின் பேச்சில் இருந்த காரணம் அவளுடையது. “அப்பா ஆசைப்படறார், டீச்சர். அதான் உண்மை” என்று குனிந்த தலையோடு சொல்லும் பையன்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா ஆசைப்பட்ட பிறகு நீ என்ன பார்த்தாய், எதற்காக ராத்திரி விழித்திருந்தாய் என்பதுதான் எனக்கு வேண்டும். சிலர் அதற்கும் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, இவனுக்கு வேறு படிப்பில்தான் மனசு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

ஏ.எஃப்.எம்.சி.யிலேயே படித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பத்மாவதி சுவாமிநாதன், திருப்பதியில் 1944-இல் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். அம்மாவுக்குக் காசநோய், படுத்த படுக்கை. நாலைந்து வயதிலேயே அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தக் குழந்தைமேல் விழுந்தது. அவர்கள் இருந்த கோல் மார்க்கெட் பகுதியில் எதிர் வீட்டுக்காரர் யார் என்றால் லேடி ஹார்டிங் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் எஸ். பத்மாவதி, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர். வீட்டுக்குள்ளே நோய், எதிர் வீட்டில் அதே பெயருள்ள ஒரு டாக்டர். தான் டாக்டரானதற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1963-இல் ஏ.எஃப்.எம்.சி.யில் சேர்ந்தார். 1968-இல் விமானப்படைக்குப் போனார். திருமணத்துக்குப் பின் பத்மாவதி பந்தோபாத்யாய் ஆகி, இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார். 2020-இல் பத்மஸ்ரீ.

காரணம் முன்னாலேயே முழுசாக இருந்தாக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது அதற்கப்புறம். அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. பதினேழு வயதில் ஒரு பிள்ளை சொல்லும் பதில், அதன் வாழ்க்கையில் முதல் பதில்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எல்லா மருத்துவக் கல்லூரியிலும் நேர்முகம் வைத்து மதிப்பெண் போடுங்கள் என்று நான் கேட்பேன் என்று நினைத்தால், அது இல்லை. தமிழ்நாட்டில் அது நடந்து பார்த்தாகிவிட்டது. ஒருகாலத்தில் மாநில அரசின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத்தில் 75 மதிப்பெண் இருந்தது. 1970-ஆம் ஆண்டுச் சேர்க்கையை எதிர்த்துப் பெரியகருப்பன் என்பவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. இன்னின்ன திறமைக்கு இவ்வளவு என்று தனித்தனியே போட வேண்டிய மதிப்பெண்ணைத் தேர்வுக் குழுவினர் மொத்தமாகப் போட்டிருந்தார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். 1980-இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், இரண்டு மூன்று நிமிஷம் பேசிவிட்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்குக் கொடுப்பது நியாயமே இல்லை, 15 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. பரிந்துரைக் கடிதமும், குடும்பப் பெயரும், சரளமான ஆங்கிலமும் ஒரு அறைக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழ் வழியில் படித்த கிராமத்துப் பெண்ணிடம் செருப்புக் கதை இருக்கும். ஆனால் அதை ஆங்கிலத்தில் ஐந்து நிமிஷத்தில் சொல்லு என்றால் அவள் மதிப்பெண் போய்விடும்.

இந்தக் குறையைச் சரிசெய்யக் கனடாவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த முறை அது. ஒரே குழு முன்னால் ஒரே அமர்வாக இல்லாமல், பிள்ளை வரிசையாகப் பல அறைகளுக்குப் போகும். ஒவ்வொரு கதவிலும் ஒரு சூழ்நிலை எழுதி ஒட்டியிருக்கும். படிக்க ஓரிரு நிமிஷம், உள்ளே பேச ஏழெட்டு நிமிஷம். ஒவ்வொரு அறையிலும் வேறு ஆள் மதிப்பெண் போடுவார். ஒருவருக்குப் பிடித்துப்போனதாலோ பிடிக்காமல்போனதாலோ தலையெழுத்து மாறாது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் இப்போது இதுதான் நடைமுறை. அங்கேயுள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் இருபது லட்சம் பேருக்கு இதை நடத்த முடியாது. நடத்தினால் நாளைக்கே, பயிற்சி மையங்களுக்குப் பேர்போன கோட்டா நகரில் அதற்கும் ஒரு பயிற்சி மையம் திறந்துவிடுவார்கள்.

பி.ஜே.யில் படித்து, ஏன் என்று ஒருவரும் கேட்காமலே டாக்டராகி, சசூனில் ஏழை எளியவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வைத்தியம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். என் அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவர் அப்படி ஒருவர். அதனால் இந்தக் கேள்வி நல்ல டாக்டரைப் பொறுக்கியெடுக்கும் சல்லடை என்று நான் நம்பவில்லை. இது பிள்ளைக்கு நல்லது என்று நம்புகிறேன். இரண்டு வருஷம் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று கேள்வித்தாளாகவே வாழ்ந்த பிள்ளையிடம், உன்னைப் பற்றிச் சொல்லு என்று ஒருவர் உட்கார்ந்து கேட்பது அதுதான் முதல்முறை. ஏ.எஃப்.எம்.சி. கிடைக்காமல் போன பிள்ளைகள்கூட என்னிடம் வந்து, “அந்த ஒரு வாரம் நல்லா இருந்துச்சு, டீச்சர்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

ராணுவக் கல்லூரி என்பதால் இன்னொரு கேள்வியும் நிச்சயம் வரும்: டாக்டர் சரி, ஏன் ராணுவ டாக்டர்? செலவில்லாப் படிப்பு என்பது ஒரு காரணம். அதை மறைக்க வேண்டாம் என்பேன். கட்கித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம், கேட்பவர்களுக்கும் அது புரியும். ஆனால் அதோடு நின்றுவிடாதே. மூன்று படைகளில் எதில் போட்டாலும் போக வேண்டும், கேட்ட ஊர் கிடைக்காது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் விடுப்பு கிடைக்காமல் போகலாம், இதையெல்லாம் அம்மா அப்பாவோடு பேசிவிட்டு வா என்பேன். செருப்புக் கதைக்காரி வீட்டில் பேசிவிட்டு வந்து, “அம்மா அழுதாங்க, அப்பா சரின்னார், ஆத்தா மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் செருப்புப் போட்டுக்கோன்னாங்க” என்றாள்.

எனக்கு ஓர் ஆசை. 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது, முதல் மாதம் முழுவதையும் அறிமுகப் பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். மொழி, ஆஸ்பத்திரி நடைமுறை, முதலுதவி எல்லாம் அதில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியில் ஒரு மதியத்தை இந்தக் கேள்விக்கு விடலாம். சசூனிலும், ஸ்டான்லியிலும், மதுரையிலும், திருநெல்வேலியிலும், நீட்டில் இடம்பிடித்து உள்ளே வந்துவிட்ட பிள்ளையிடம் இனி பறிக்க எதுவுமில்லை. மதிப்பெண் வேண்டாம், மேடை வேண்டாம். அவரவர் மொழியில் இரண்டு பக்கம்: நீ என்ன பார்த்தாய், அதற்கப்புறம் என்ன செய்தாய். கல்லூரி அதை உறையில் போட்டுப் பெயர் எழுதிப் பத்திரமாக வைக்கட்டும். நாலரை வருஷப் படிப்பு முடிந்து, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடித்துச் சான்றிதழ் வாங்க வரும் நாளில், அந்த உறையை அவர்கள் கையில் கொடுக்கட்டும். காகிதச் செலவுதான். எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு கல்லூரி முதல்வர் மனது வைத்தால் வருகிற ஆண்டே தொடங்கலாம்.